கனத்த மரத்தின் முனை நேராக வரவில்லையா? மின்ரம்ப வெட்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பலகையைக் குறுக்கே அறுக்கும்போது பிளேடு அரைப் பாகை சாய்ந்திருந்தாலும் அது கண்ணில் படுவதில்லை. அதே சாய்வு 150 மி.மீ. கனமுள்ள தூணின் முனையில் 1.3 மி.மீ. ஆகவும், 200 மி.மீ. உத்திரத்தின் முனையில் 1.75 மி.மீ. ஆகவும் பெருகிவிடுகிறது. அதனால் தூண் தன் பீடத்தில் ஒரு விளிம்பை மட்டும் ஊன்றி நிற்கிறது. இணைப்பின் தோள் (மற்ற மரத்தோடு முட்டி நிற்கும் முகம்) ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் வாய் பிளந்து தெரிகிறது.

கனத்த மரத்தில் ரம்பத்தின் எட்டும் ஆழமும் ஒரு சிக்கல்தான். பரவலாகப் புழங்கும் 184 மி.மீ. (7¼ அங்குலம்) வட்ட ரம்பம் நேர்நிலையில் ஏறக்குறைய 60 முதல் 65 மி.மீ. ஆழம் வரைதான் இறங்கும். ஆகவே 100 மி.மீ. சட்டத்தை இரண்டு பக்கங்களிலிருந்தும் 150 மி.மீ. தூணை நான்கு பக்கங்களிலிருந்தும் அறுக்க நேர்கிறது. அப்படி அறுத்த பிறகும் 150 மி.மீ. தூணின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. சதுரத்துக்கு ஓர் உள்கட்டை அறுபடாமல் நிற்கும். 260 மி.மீ. பிளேடு சுமார் 95 மி.மீ. ஆழத்துக்கும், 415 மி.மீ. பிளேடு சுமார் 155 மி.மீ. ஆழத்துக்கும் இறங்கும் என்பதால் பெரிய ரம்பம் வாங்கிவிட்டால் கோணல் தொல்லை தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். உண்மையில், ஒரே ஓட்டத்தில் 150 மி.மீ. இறங்கும் பிளேடு தன் சாய்வை அந்த ஆழம் முழுவதும் கொண்டுசெல்கிறது. இரு பக்கமும் பாதிப் பாதியாக அறுக்கும் சிறிய ரம்பத்தைவிட அதற்கு நுணுக்கமான சீரமைப்பு தேவைப்படுகிறது.

முனை கோணலாக வந்ததும் ரம்பத்தின் திருகாணிகளைத் திருகத் தொடங்குவது பலரிடம் உள்ள பழக்கம். அதற்கு முன் வெட்டுமுகத்தைப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு பிழையும் தனக்கே உரிய வடிவத்தை அந்த முகத்தில் விட்டுச் செல்கிறது. அந்த வடிவம் தெரிந்துவிட்டால், குறை ரம்பத்தில் உள்ளதா, கோட்டில் உள்ளதா, மரத்திலேயே உள்ளதா என்பது தெரிந்துவிடும். நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வெட்டுமுகத்தின் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, பின்னால் வெளிச்சம் இருக்கும்படி பார்த்து, மேடான இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூலைமட்டத்தை நான்கு பக்கங்களிலிருந்தும் தனித்தனியே வைத்துப் பாருங்கள். முகம் தட்டையாக இருப்பதும் நேராக இருப்பதும் வேறுவேறு என்பதால் இரண்டு சோதனையும் தேவை. கீழே சொல்லப்படும் சோதனைகளில் பிளேடைத் தொட வேண்டியவை அனைத்தையும், பிளக்கைப் பிடுங்கிய பிறகோ பேட்டரியைக் கழற்றிய பிறகோதான் செய்ய வேண்டும்.

அறிகுறி: மரத்தைச் சுற்றிப் போட்ட கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை

இது ரம்பத்தை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும் பிழை என்பதால் இதைக் கண்டுபிடித்தவர் நல்வாய்ப்புடையவர். நான்கு முகங்களிலும் மூலைமட்டம் வைத்துக் கோடு இழுத்து வரும்போது நான்காவது கோடு முதல் கோட்டின் முனையைத் தொடாமல் 2 அல்லது 3 மி.மீ. தள்ளி நின்றால், அந்த நிலையில் எந்த ரம்பத்தாலும் நேரான முனையைத் தர முடியாது.

முதலில் மூலைமட்டத்தைச் சோதியுங்கள். விளிம்பு நேராக உள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போட்டால், இரண்டும் ஒன்றாகப் படிய வேண்டும். விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் உண்மையான பிழை. கீழே விழுந்து எழுந்த மட்டங்களை நம்புவதற்கு முன் இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். கனத்த மரத்துக்கு 600 × 400 மி.மீ. அளவுள்ள பெரிய இரும்பு மட்டமே ஏற்றது. சிறிய மட்டத்தின் குட்டைக் கட்டை மரத்தின் மேற்பரப்பில் உள்ள சிறு மேடு பள்ளங்களையெல்லாம் கோட்டுக்குக் கடத்திவிடும்.

மட்டம் சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது மட்டத்தை எந்தெந்த முகத்தில் அணைத்தீர்கள் என்பது. ஒவ்வொரு முகத்துக்கும் அடுத்த முகத்தையே ஆதாரமாகக் கொண்டு சுற்றி வந்தால், ஒவ்வொரு முகத்தின் குறையும் அடுத்த கோட்டில் சேர்ந்துகொண்டே போகும். இருப்பதிலேயே நேரான இரண்டு அடுத்தடுத்த முகங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை ஆதார முகங்கள் என்று குறியிட்டுக்கொள்ளுங்கள். நான்கு கோடுகளையும் போடும்போது மட்டத்தின் கட்டை இந்த இரண்டு முகங்களில் ஏதாவது ஒன்றை மட்டுமே தொட வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஓர் ஆதார முகம் இருப்பதால் இது எப்போதும் இயலும்; ஆதாரம் அல்லாத இரு முகங்களின் கோடுகளும் கடைசி மூலையில் சந்திக்கின்றனவா என்பதே உங்கள் சோதனை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. மரத்தின் குறுக்குவெட்டு சதுரமாக இல்லாமல் சாய்சதுரமாக இருப்பதால்தான் கோடு சேரவில்லை என்று பலர் சொல்வதுண்டு. நான்கு விளிம்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் வரை, குறுக்குவெட்டு எவ்வளவு சாய்ந்திருந்தாலும் கோடு சேர்ந்துவிடும். சேரவிடாமல் தடுப்பவை மரம் ஒரு முனை நோக்கிக் குறுகுவது, வில்லாக வளைவது, நீளவாக்கில் முறுக்கியிருப்பது ஆகிய மூன்றுமே.

முறுக்கைக் கண்டுபிடிக்க, ஒரே அகலமுள்ள இரண்டு நேரான குச்சிகளை மரத்தின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். விளிம்புகள் இணையாகத் தெரியாவிட்டால் மரம் முறுக்கியிருக்கிறது. அத்தகைய மரத்தில் விளிம்புகளை நம்புவதை விட்டுவிட்டு, நடுக்கோட்டை நம்ப வேண்டும். மரத்தை அசையாமல் தாங்கிகளில் நிறுத்தி, இரு முனைகளிலும் ரசமட்டம் கொண்டு நிலைக்குத்தாகவும் கிடையாகவும் மையக் கோடுகள் போட்டு, அவற்றை இணைத்து நான்கு முகங்களிலும் சுண்ணாம்பு நூல் அடியுங்கள். பிறகு வெட்டுக்கோடுகளை விளிம்பிலிருந்து எடுக்காமல் இந்த நூல்கோட்டிலிருந்து செங்குத்தாக எடுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான்; ஆனால் முறுக்கிய மரத்தில் வேறு எந்த வழியில் போட்ட கோட்டையும் நான் நம்புவதில்லை.

கோட்டைப் பென்சிலால் போடுவதைவிடக் கூரிய கத்தியால் கீறுவது நல்லது. பென்சில் கோட்டின் தடிமனே அரை மி.மீ. வரை போகும், கீறிய கோட்டில் நார் முன்கூட்டியே அறுந்துவிடுவதால் விளிம்பும் சிலும்பாமல் வரும்.

அறிகுறி: எதிரெதிர் வெட்டுகள் சந்திக்கும் இடத்தில் படி விழுகிறது

இரண்டு பக்கங்களிலிருந்து அறுத்தவர்கள் அதிகம் முறையிடும் குறை இது. படி என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அது நான்கு விதமாக வரும். நான்குக்கும் காரணம் வேறு.

படியின் உயரம் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை மாறாமல் இருந்து, அந்த உயரம் பிளேடு அறுத்துச் செல்லும் பள்ளமான வெட்டுத்தடத்தின் அகலத்துக்குச் சமமாக, அதாவது 2 மி.மீ. அளவில் இருந்தால், ஒரு பக்கத்தில் கோட்டின் கழிவுப் பக்கமாகவும் (வெட்டி நீக்கும் பக்கம்) மறுபக்கத்தில் கோட்டின் வேலைப் பக்கமாகவும் பிளேடு ஓடியிருக்கிறது என்று பொருள். கோடு போடும்போதே கழிவுப் பக்கத்தில் பெருக்கல் குறி இட்டுவைத்தால் இந்தப் பிழை வராது. படி மாறாத உயரத்துடன் இருந்தும் வெட்டுத்தடத்துக்குச் சமமாக இல்லையென்றால், வழிச்சட்டத்தை வைத்த தூரத்தில் பிழை உள்ளது. ரம்பத்தின் அடித்தட்டு (மரத்தின் மேல் படிந்து நகரும் தகடு) உரசிச் செல்வதற்காகக் கிளாம்ப் போட்டுப் பிடித்துவைக்கும் நேரான சட்டத்தையே வழிச்சட்டம் என்கிறேன். பல்லிலிருந்து அடித்தட்டின் இடது விளிம்புக்கு உள்ள தூரமும் வலது விளிம்புக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருப்பதில்லை. எல்லா முகங்களிலும் வழிச்சட்டத்தை வேலைக்குரிய பகுதியின் மேலேயே வைத்து, அடித்தட்டின் ஒரே விளிம்பையே உரசவிட்டால் இந்தக் கணக்குக் குழப்பம் வராது. அந்தத் தூரத்துக்குச் சரியாக ஒரு துண்டுப் பலகையை அறுத்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அளவுகோலைத் தேட வேண்டியதில்லை.

படி ஒரு விளிம்பில் மேடாகவும், நடுவில் மறைந்தும், மறுவிளிம்பில் பள்ளமாகவும் இருந்து, இரண்டு வெட்டுகளும் கத்தரிக்கோலின் அலகுகள் போல ஒன்றையொன்று குறுக்கிட்டால், வழிச்சட்டமோ மட்டமோ செங்கோணத்திலிருந்து விலகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பில் மட்டத்தை அணைத்துவிட்டு மரத்தைப் புரட்டினால், பிழை எதிர்த் திசையில் திரும்பி இந்தக் குறுக்கீட்டை உண்டாக்கும். அதே பிழையுள்ள மட்டத்தை எப்போதும் ஒரே ஆதார முகத்தில் அணைத்திருந்தால் இரு வெட்டுகளும் ஒன்றாகவே சாய்ந்து, முகம் தட்டையாக, ஆனால் கோணலாக வந்திருக்கும். படி இல்லை என்பதற்காக முனை நேராக உள்ளது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வெட்டுமுகத்தின் நடுவில் படியாக இல்லாமல் நீண்ட பள்ளமாகவோ முகடாகவோ இருந்தால், பிளேடு அடித்தட்டுக்குச் செங்குத்தாக இல்லை. இரு முனைகளும் இடம் மாறாமல் மரத்தைப் புரட்டி, ரம்பத்தை ஒரே திசையில் ஓட்டியிருந்தால், பிளேடின் அடிப்பகுதி இரு முறையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து இந்த வடிவத்தை உண்டாக்கும். வேலைக்குரிய பகுதியில் பள்ளம் என்றால் பிளேடின் அடி அந்தப் பகுதியை நோக்கியும், முகடு என்றால் கழிவை நோக்கியும் சாய்ந்திருக்கிறது. நான்கு பக்கமும் அறுத்திருந்தால் இதுவே நான்கு சரிவுகளாகி, நடுவை நோக்கிக் குழிந்தோ உயர்ந்தோ காணப்படும்.

நான்காவது விதத்தில் இரண்டு வெட்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக, ஆனால் சாய்வாக அமைந்து, நடுவில் படி விழும். பிளேடு சாய்ந்திருக்க, மறுபக்கத்தை அறுக்கும்போது ரம்பத்தை எதிர்த் திசையிலிருந்து ஓட்டியதால் வருவது இது. அரைப் பாகைச் சாய்வில் 60 மி.மீ. ஆழத்துக்கு ஒவ்வொரு வெட்டும் அரை மி.மீ. விலகுவதால் படியின் உயரம் சுமார் 1 மி.மீ. ஆகிவிடும்.

கடைசி இரண்டு வடிவங்களுக்கும் மருந்து ஒன்றே: பிளேடின் செங்குத்தைத் திருத்துவது. பிளேடை முழு ஆழத்துக்கு இறக்கி, பிளேடை மூடும் காப்பை மேலே தூக்கி, சிறிய மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தை அடித்தட்டிலும் மறுபக்கத்தை பிளேடின் தட்டையான உடற்பகுதியிலும் பொருத்துங்கள். பல்லின் மேல் மட்டம் பட்டுவிடக் கூடாது. பற்கள் பிளேடைவிடத் தடிமனாக இருப்பதால் அளவு பொய்யாகிவிடும். சாய்வளவியின் பூச்சியக் குறியை நம்பிப் பயனில்லை. அது வெறும் அச்சிட்ட கோடு. பூச்சிய நிலையில் அடித்தட்டைத் தடுத்து நிறுத்தும் திருகாணியின் மேல் மரத்தூள் இறுகிப்போய்ச் சாய்வு உண்டாவது அடிக்கடி நடப்பது. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்த பிறகே திருகாணியைத் தொடுங்கள். ரம்பம் எப்போதாவது கீழே விழுந்திருந்தால் அடித்தட்டே வளைந்திருக்கலாம்; அதன் மேல் நேரான சட்டத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திருத்தியதைச் சரிபார்க்க, 50 முதல் 60 மி.மீ. கனத்தில் இழைத்த துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, தட்டையான மேசையில் இரண்டையும் முட்டவையுங்கள். மேலே அல்லது கீழே தெரியும் இடைவெளி உண்மைப் பிழையின் இரு மடங்கு. கண்ணால் மட்டத்தைப் பார்ப்பதைவிட இந்தச் சோதனை கூர்மையானது. காகிதத்தின் கனமளவு இடைவெளிகூட வெளிச்சத்தில் தெரியும்.

அறிகுறி: வழிச்சட்டம் வைத்தும் பிளேடு விலகுகிறது, வெட்டுமுகம் கருகுகிறது

கருகலும் விலகலும் சேர்ந்து வந்தால், பிளேடு அடித்தட்டின் விளிம்புக்கு இணையாக இல்லை என்று முதலில் ஐயப்படுங்கள். பிளேடின் முன்புறம் ஒரு வழியிலும் பின்புறம் சற்றே வேறு வழியிலும் செல்வதால், பின்புறப் பற்கள் அறுத்த முகத்தையே மீண்டும் உரசிக் கருக்குகின்றன. ஒரு பல்லில் குறியிட்டு, அதை முன்புறம் நிறுத்தி அடித்தட்டின் விளிம்புக்கு உள்ள தூரத்தை அளந்து, பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்புறம் கொண்டுவந்து மீண்டும் அளக்கவும். ஒரே பல்லைப் பயன்படுத்துவதால் பிளேடின் நெளிவு அளவில் கலக்காது. சில ரம்பங்களில் இதைத் திருத்தத் தனித் திருகாணி உண்டு. இல்லாதவற்றில் அடித்தட்டை இணைக்கும் திருகாணிகளைத் தளர்த்தித் தட்டிச் சரிசெய்யலாம்.

அளவு சரியாக இருந்தும் கருகினால், மழுங்கிய பல்லும் பற்களில் ஒட்டிய பிசினும்தான் காரணம். அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை: பிளேடைக் கழற்றித் துடையுங்கள் அல்லது மாற்றுங்கள்.

அறிகுறி: தொடக்கம் கோட்டில் இருக்கிறது, ஆழம் போகப்போக முகம் வளைகிறது

இரும்புச் சட்டத்தை வைத்தால் மேல்விளிம்பு நேராகவும், கீழே செல்லச் செல்ல முகம் ஒரு பக்கம் ஒதுங்கியும் தெரிந்தால் பிளேடு சாய்ந்திருக்கவில்லை, வளைந்திருக்கிறது. 2 மி.மீ.-க்கும் குறைவான தடம் விடும் மெல்லிய பிளேடுகளை முழு ஆழத்தில் அழுத்தித் தள்ளினால் இது நேரும். மோட்டாரின் ஒலி தணிவதைக் கேட்டும் அழுத்துபவர்களுக்கு இந்த வளைவு கட்டாயம் வரும்.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஆழத்தைப் பகுப்பதைத்தான். வழிச்சட்டத்தை அசைக்காமல், முதல் ஓட்டத்தில் 20 முதல் 25 மி.மீ. ஆழம் மட்டும் அறுத்து, அடுத்த ஓட்டத்தில் முழு ஆழத்துக்கு இறங்குங்கள். முதல் தடம் பிளேடின் இரு புறமும் சுவர் போல நின்று இரண்டாம் ஓட்டத்தை நேராக வைத்திருக்கும். தூளும் தங்காமல் வெளியேறும். பல் எண்ணிக்கையும் இதில் சேர்ந்ததே. 184 மி.மீ. பிளேடில் 24 பற்கள் கனத்த மரத்துக்குப் பொருந்தும். 60 பற்கள் உள்ள நேர்த்திப் பிளேடு பலகை வேலைக்கு அருமையானது என்றாலும், கனத்த மரத்தில் பற்களுக்கிடையே தூள் அடைத்துச் சூடேறி வளையும். நீண்ட, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் தளர்வதையும் மறக்க வேண்டாம். தடித்த கம்பியுள்ள குட்டை வயரைப் போட்டதுமே சில ரம்பங்கள் புதியவை போல ஓடும்.

வளைவு ஓரிடத்தில் மட்டும் தென்பட்டால் அங்கே கணு இருக்கிறதா என்று பாருங்கள். கணுவைச் சுற்றி நாரின் ஓட்டம் திரும்புவதால் அது பிளேடை ஒதுக்கிவிடும். நீளத்தில் இடம் இருந்தால் வெட்டையே சற்று நகர்த்திவிடுவது நல்லது; இல்லாவிட்டால் அந்த இடத்தில் மெதுவாகச் செல்வதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: பிளேடு பிடித்துக்கொள்கிறது, ரம்பம் பின்னோக்கி எகிறுகிறது

நேர்த்திக்குறைவு என்பதையும் தாண்டி, கையையும் காலையும் பறிக்கக்கூடிய அபாயம் இது. வெட்டுத்தடம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும்போது ரம்பம் உங்களை நோக்கி எகிறும். எனவே உடலை எப்போதும் வெட்டுக்கோட்டுக்கு ஒரு பக்கமாக விலக்கி நில்லுங்கள். காப்பை ஆப்பு வைத்துத் திறந்தபடி நிறுத்துவது எந்த நிலையிலும் கூடாது.

மரத்தின் இரு கோடிகளிலும் மட்டும் தாங்கி வைத்து நடுவில் அறுத்தால், மரம் தன் எடையால் தொய்ந்து தடத்தின் மேல்வாயை மூடிவிடும். கழிவு சிறிய துண்டாக இருந்தால், வேலைக்குரிய பகுதிக்கு இரண்டு தாங்கிகள் கொடுத்து, அவற்றில் ஒன்றை வெட்டுக்கு அருகில் வைத்து, கழிவை வெளியே தொங்கவிடுங்கள்; தடம் தானாகவே திறந்துகொள்ளும். இரண்டு பக்கமும் நீண்ட துண்டுகள் என்றால் நான்கு தாங்கிகள் வேண்டும். வெட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு, நான்கும் ஒரே மட்டத்தில்.

தொங்கவிடும் முறையிலும் நேர்த்தியைக் கெடுக்கும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. முதல் பக்கத்தை அறுத்து மரத்தைப் புரட்டியதும் அந்தத் தடம் அடிப்பக்கம் வந்துவிடும். தொங்கும் துண்டின் எடை அடித்தடத்தை மெல்ல மூட, துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்கிறது. நீங்கள் மேலே அறுக்கும் இரண்டாம் வெட்டு முதல் வெட்டுடன் ஒத்துப்போகாமல் விலகுகிறது. மரத்தைப் புரட்டுவதற்கு முன், தடத்தின் கனத்துக்குச் சரியான மெல்லிய சீவல்களை அதன் இரு ஓரங்களிலும் நுழைத்துவிட்டால் தடம் மூடாது. அடுத்த பக்கத்தை அறுக்கும்போது பிளேடு அந்தச் சீவல்களைத் தொடாத ஆழத்தில் அவை இருக்கின்றனவா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கனமான கழிவுத் துண்டுக்குக் கீழே, ஒரு விரல்கனம் இடைவெளி விட்டு ஒரு தாங்கியும் வையுங்கள். கடைசி நார் அறுபடும் முன்பே துண்டு முறிந்து, வேலைக்குரிய முனையிலிருந்து சிம்பைப் பிய்த்துக்கொண்டு போவதை அது தடுக்கும்.

அறிகுறி: நான்கு பக்கமும் நேர், நடுவில் மட்டும் மேடு

அறுபடாத உள்கட்டையை அகற்றியபோது ஏற்பட்ட குறை இது. முன்பின் வெட்டும் ரம்பத்தின் நீண்ட பிளேடு வளையக்கூடியது. அதன் முனை உள்ளே எங்கே திரிகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. விரைவு வேண்டும் என்பதற்காகப் பலர் அதையே எடுக்கிறார்கள். என் கணிப்பில், 20 அல்லது 30 மி.மீ. உள்கட்டைக்குக் கைரம்பமே ஏற்றது. கைரம்பத்தின் விறைப்பான தகடு நான்கு பக்கத் தடங்களுக்குள் நுழைந்து, அவற்றின் சுவர்களாலேயே நேராக வழிநடத்தப்படும். சில இழுப்புகளில் வேலை முடிந்துவிடும். 200 மி.மீ. தூணில் நடுக்கட்டை 70 முதல் 80 மி.மீ. வரை பெரிதாக நிற்கும். அங்கே முன்பின் ரம்பத்தைப் பயன்படுத்துவதானால், பிளேடைத் தடத்தின் கழிவுப் பக்கச் சுவரில் சாய்த்து ஓட்டி, மிஞ்சும் மேட்டை உளியால் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் செதுக்குங்கள்.

மேட்டை எடுக்கும் முயற்சியில் நடுவைக் குழித்துவிடும் வழக்கமும் உண்டு. வெளியில் தெரியும் இணைப்பு இறுகப் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தோளின் உட்புறத்தைச் சற்றே குழிப்பது பழைய கைத்திறன்தான்; ஆனால் பளு தாங்கும் தூணின் அடிமுனையில் அப்படிச் செய்தால் எடை முழுவதும் ஓரங்களில் விழும். அங்கே முழு முகமும் ஊன்ற வேண்டும்.

அறிகுறி: மைட்டர் ரம்பத்தில் குட்டைத் துண்டு நேர், நீண்ட மரம் கோணல்

மேசையில் வைத்த மரத்தின் மேல் பிளேடை இறக்கி அறுப்பது மைட்டர் ரம்பம். இங்கே ரம்பம் சரியாகவே இருக்கிறது. தாங்கிகளின் உயரம்தான் பிழை. நீண்ட மரத்தின் மறுமுனை ரம்பமேசையைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் மரம் மேசையில் முழுமையாகப் படியாமல் வெட்டு நிலைக்குத்தில் கோணலாகும். மேசையிலிருந்து தாங்கி வரை நேரான சட்டமோ நூலோ பிடித்து உயரத்தைச் சமப்படுத்துங்கள். வில்லாக வளைந்த மரத்தின் புடைத்த பக்கத்தைப் பின்தடுப்பின் மேல் அணையுங்கள். குழிந்த பக்கத்தை அணைத்தால் வெட்டின் இடத்தில் பிடிமானம் இல்லாமல் மரம் நகர்ந்து பிளேடைக் கவ்வும். முறுக்கிய மரம் தடுப்பின் மேல் ஆடினால், ஆட்டம் நிற்கும் வரை சீவல் செருகுங்கள்.

அறிகுறி: சங்கிலி ரம்பத்தின் வெட்டு எப்போதும் ஒரே பக்கம் வளைகிறது

ஒரு பக்கப் பற்கள் மழுங்கியோ குட்டையாகவோ இருந்தால் சங்கிலி கூர்மை மிகுந்த பக்கமாக இழுத்துச் செல்லும். ஆணி ஒன்றில் பட்டாலே ஒரு பக்கம் மழுங்கிவிடக்கூடும். எல்லாப் பற்களையும் ஒரே நீளத்துக்கும் ஒரே கோணத்துக்கும் அரம் போடுங்கள். குறுக்குவெட்டுச் சங்கிலிகளில் அந்தக் கோணம் பெரும்பாலும் 25 முதல் 35 பாகை வரை இருக்கும். தீட்டிய பிறகும் வளைந்தால், சங்கிலி ஓடும் அலகின் இரு தண்டவாள விளிம்புகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருக்கலாம். அலகின் மேல் மூலைமட்டத்தை நிறுத்திப் பார்த்தால் தேய்வு தெரியும். அலகை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டுவந்தால் இரண்டும் சமமாகத் தேயும். அலகின் மூக்கின் மேற்பகுதி மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரம்பம் முகத்தை நோக்கி எகிறுவது அங்கிருந்துதான்.

அடித்தட்டு இல்லாத சங்கிலி ரம்பத்திடம் முடிந்த முனையை எதிர்பார்ப்பது அதிகம் என்றே சொல்வேன். வட்ட ரம்பத்தால் நான்கு பக்கமும் முதலில் அறுத்து, அந்தத் தடத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. வெளியே கழிவில் சங்கிலியை ஓட்டி, நடுவில் மிஞ்சுவதை இழைத்து எடுத்தால் விளிம்புகள் தெளிவாகக் கிடைக்கும்.

அறிகுறி: வெட்டிய அன்று நேர், சில வாரங்கள் கழித்துக் கோணல்

ஈரமரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், அவற்றுக்குக் குறுக்காக ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் சதுரமாக இருந்த குறுக்குவெட்டு சாய்சதுரமாகும். நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு என்றாலும், மரம் வில்லாக வளைந்தால் முனை தன் இடத்திலேயே சாய்ந்துவிடும். 4 மீட்டர் உத்திரம் நடுவில் 10 மி.மீ. வளைந்தால் முனை அரைப் பாகைக்குச் சற்று மேல் திரும்பி, 200 மி.மீ. உயரத்தில் 2 மி.மீ. கோணல் காட்டும். ரம்பத்தைக் குறை சொல்லி இதில் பயனில்லை. ஈரமரமாக வாங்கியவர்கள் இரு முனையிலும் கூடுதல் நீளம் விட்டுவைத்து, பொருத்துவதற்குச் சற்று முன்பாக நூல்கோட்டிலிருந்து மறுபடியும் கோடு எடுத்து அறுக்கலாம்.

கோணலாக வந்துவிட்ட முனையைச் சீராக்குதல்

1 மி.மீ. மட்டும் எடுக்க வேண்டியிருக்கும்போது அந்த முனையிலேயே மீண்டும் ரம்பத்தை ஓட்டினால், பிளேடின் ஒரு பக்கம் மட்டும் மரமும் மறுபக்கம் வெற்றிடமும் இருப்பதால் அது வெற்றிடத்தை நோக்கி ஒதுங்கி, இன்னொரு கோணலைத் தரும். ரம்பம்தான் வேண்டுமென்றால் முனையோடு ஒட்டி ஒரு துண்டு மரத்தைக் கிளாம்பால் இறுக்கி, இரண்டையும் சேர்த்து அறுங்கள். அப்போது பிளேடுக்கு இருபுறமும் மரம் இருக்கும். இல்லாவிட்டால், பென்சிலால் குறித்த மேடுகளைச் சிறிய இழைப்புளியால் எடுங்கள். தள்ளும் திசையில் எதிர் விளிம்பு சிலும்பி உடையாதிருக்க, அந்த விளிம்பை முன்கூட்டியே சற்று மழுக்கிவிட்டு, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். இரண்டு தள்ளலுக்கு ஒரு முறை மூலைமட்டத்தை ஆதார முகங்கள் இரண்டிலிருந்தும் வைத்துப் பார்த்துக்கொண்டே போகவும். மற்ற இரு முகங்களிலிருந்து வைத்துப் பார்த்தால் மரத்தின் குறை முனையின் குறையாகத் தெரிந்து, தேவையில்லாத இடத்தை இழைக்க வைக்கும்.